எழுபத்திரண்டு கம்பிச் சக்கரம்

அத்தியாயம் 4

கார் டிரைவர் கருப்பணன் பதினேழாவது தும்மலைப் போட்டு முடித்தபோது மணி சரியாகப் பன்னிரண்டு. மைதீன் பிச்சை ஒன்றுவிடாமல் எண்ணிக்கொண்டிருந்தான். புகையிலைக் கிட்டங்கிக்குள் ஒரு மனிதனை அடைத்துவைத்துவிட்டு அவனிடமிருந்து உண்மையை வரவழைக்கப் பார்த்தால் தும்மல்தான் வரும் என்று உள்ளே நுழைந்ததுமே அவனுக்குத் தெரிந்துபோயிற்று.

"சொல்லுங்க, கருப்பணன்," என்றார் இஞ்ஞாசியம்மாள், முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி. "காலையில ஒம்பது மணிக்கு, கார் சக்கரத்தை வாங்க வந்த உங்களைக் கடையைப் பாத்துக்கச் சொல்லிட்டு சைக்கிள் கடைச் சூசைமுத்து சாப்பிடப் போயிருக்காரு. திரும்பி வந்து பாத்தா சக்கரத்தைக் காணோம். நீங்க அப்ப எங்க இருந்தீங்க?"

கருப்பணன் மூச்சை இழுத்தான். "டீ குடிக்க..."

"...எதுத்தாப்புல போனேன், செத்த நேரந்தான், அதுக்குள்ள எந்தப் பாவியோ தூக்கிட்டுப் போயிட்டான்," என்று எடுத்துக்கொடுத்தான் பிச்சை.

"ஆமா! அதேதான்!" என்றான் கருப்பணன் நன்றியோடு. பதினெட்டாவது தும்மல் வந்தது.

இஞ்ஞாசியம்மாள் பிச்சையைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கிட்டங்கியின் காரம் முழுவதும் இருந்தது. ஆனால் பிச்சை என்ன செய்வான்? பன்னிரண்டு வருஷம் நாடகக் கம்பெனியில் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுத்தவன். யார் வாய் பாதியில் நின்றாலும் மீதியைச் சொல்லாமல் இருக்க முடியாது. கம்பெனியை விட்டு அவனை வெளியேற்றியதே அதனால்தான். ஒரு நாள் மௌன விரதம் இருந்த முனிவருக்கும் வசனம் எடுத்துக்கொடுத்துவிட்டான்.

வெளியே வந்ததும் இஞ்ஞாசியம்மாள் சொன்னார்: "பொய் சொல்றாரு, தம்பி. ஆனா திருடன் சொல்ற பொய் இல்ல."

"பொய்யில சாதி பிரிக்க ஆரம்பிச்சிட்டீங்களாக்கா?"

"திருடன் குரல்ல பயம் இருக்கும். இவரு குரல்ல பிடிவாதம் இருக்கு. வேற யாருக்காகவோ வாயை மூடிக்கிட்டு இருக்காரு."

பிச்சை அதை அப்படியே நம்பினான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பதினெட்டு வருஷம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவர் இஞ்ஞாசியம்மாள். திண்டுக்கல்லில் எந்த வியாபாரி எப்படிப் பொய் சொல்வான் என்பது அவருக்கு மனப்பாடம். அந்த வேலையை உதறிவிட்டுத் துப்பறிய இறங்கி மூன்று வருஷம் ஆகிறது. இதுவரை அவர் காது தப்பியதில்லை.

கிட்டங்கி வாசலில் புகையிலை வியாபாரி உடையப்பன் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். பட்டு வேஷ்டி, வைரக் கடுக்கன், வாயில் அணைந்துபோன சுருட்டு. மகள் பொன்னழகுக்கு மறுநாள் காலை முகூர்த்தம். அவள் காலையிலேயே கோயிலுக்குப் போய்க் கும்பிட்டு வந்துவிட்டாள். அன்று மாலை மாப்பிள்ளை அழைப்பு.

"என்ன சொன்னான்?" என்று பாய்ந்தார்.

"தும்முனாரு," என்றான் பிச்சை.

"அஞ்சு மணிக்கு இன்ஸ்பெக்டர் வாராரு. அதுக்குள்ள சக்கரம் வரலைன்னா இவனைக் கையில விலங்கு போட்டு அனுப்பிருவேன். பத்து வருஷம் எங்க வீட்டுச் சோத்தைத் தின்னவன்! மாப்பிள்ளை ரயிலடிப் பிள்ளையார் கோயில்ல வந்து எறங்கிட்டாரு. ஆறு மணிக்குள்ள அழைச்சாகணும். எதுல அழைக்க? மூணு சக்கரத்துலயா?"

அவர் கை காட்டிய கொட்டகையில் அந்தச் சீமைக் கார் நின்றது. சந்தன நிறம். கோடை மலைத் தோட்டத்து வெள்ளைக்காரன் ஒருவன் ஊருக்குக் கப்பலேறுமுன் விற்றுவிட்டுப் போனது. மதுரை ஜில்லாவிலேயே அப்படி இன்னொன்று கிடையாது என்பது உடையப்பனின் பெருமை. இன்று அதுவே தலைவலி. மற்ற கார்களைப் போல அதற்குத் தகட்டுச் சக்கரம் அல்ல, எழுபத்திரண்டு கம்பிகள் பின்னிய வெள்ளிச் சக்கரம். ஸ்டெப்னியும் கிடையாது. பின்பக்கச் சக்கரம் ஒன்று இருந்த இடத்தில் இரண்டு கருங்கல்லை அடுக்கி வண்டியை முட்டுக்கொடுத்திருந்தார்கள்.

"சக்கரம் எப்படி அடிபட்டுச்சு, அண்ணே?" என்று கேட்டார் இஞ்ஞாசியம்மாள்.

"போன வெள்ளிக்கிழமை பொன்னழகை சாணார்பட்டித் தோட்டத்துல எறக்கி விட்டுட்டு, இந்தப் பய பத்திரிகை குடுக்கப் பழனிக்குப் போயிருக்கான். பழனி ரோட்டுப் பள்ளத்துல விட்டு ரிம்மை நெளிச்சு, பதினோரு கம்பியை ஒடிச்சிட்டான். பம்பாய்க்குத் தந்தி அடிச்சா ஆறு மாசம்னு பதில் வருது. மெக்கானிக்குக எல்லாம் கையை விரிச்சிட்டாங்க. அப்புறம் சைக்கிள் கடைச் சூசைமுத்துதான், நான் பாக்குறேன்னு வாங்கி வச்சாரு."

மணிக்கூண்டுக்குப் பின்புறம் இருந்தது சூசைமுத்துவின் கடை. வாடகை சைக்கிள் பத்து, பம்ப் ஒன்று, சுவரில் மாதா படம். சூசைமுத்து கடையின் நடுவே தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"அஞ்சு நாள், அம்மா," என்றார். "மோட்டார் சைக்கிள் கம்பியை வாங்கி, வெட்டி, மரை போட்டு, ஒவ்வொண்ணா முடுக்கி, கோட்டம் எடுத்தேன். சுத்திவிட்டா ஒரு நூலு அங்கிட்டு இங்கிட்டு ஆடாது. நேத்து சாயந்திரம் அதைப் பாத்து நானே கைதட்டிக்கிட்டேன். இன்னைக்கு டயரை மாட்டி அனுப்பவேண்டியது. அதுக்குள்ள..."

"...ஆணி மட்டும் மிச்சம்," என்று முடித்தான் பிச்சை. சுவரில் ஆணி மட்டும்தான் இருந்தது.

ஆணிக்குக் கீழே டயரும் டியூபும் சாய்த்துவைத்தபடி இருந்தன. இஞ்ஞாசியம்மாள் அவற்றையே சிறிது நேரம் பார்த்தார். "தம்பி, நீ திருடன்னா எதை எடுப்ப?"

"டயரைத்தான். இந்த ஊர்ல செருப்புக்குக்கூட டயர் வேணும்."

"திருடன் டயரைத் தொடலை. வெறும் சக்கரத்தை எடுத்திருக்கான். விக்கிறதுக்கும் இல்ல, ஓட்டுறதுக்கும் இல்ல. கார் நகரக் கூடாதுன்னு எடுத்திருக்கான்." சூசைமுத்துவிடம் திரும்பினார். "சக்கரம் வந்தப்ப எப்படி இருந்துச்சு?"

"களிமண்ணு! கம்பிக்குள்ள பூரா கருப்புக் களிமண்ணு. சுரண்டி எடுக்கவே அரை நாள் ஆச்சு. உள்ள நத்தை ஓடுகூட இருந்துச்சு."

இஞ்ஞாசியம்மாளின் புருவம் ஒரு நூல் உயர்ந்தது. பிச்சைக்கு அதன் அர்த்தம் புரியவில்லை. பழனி ரோட்டில் நத்தை கூடவா நடந்து போகிறது என்று மட்டும் நினைத்துக்கொண்டான்.

எதிரே பணியாரம் சுட்டுக்கொண்டிருந்த ஒச்சாயி, கேட்காமலேயே சாட்சி சொன்னாள். "சக்கரமா தேடுறீக? காலையில ஒரு ஜட்கா வந்து நின்னுச்சு. திரை போட்டிருந்துச்சு. உள்ள ஆரு இருந்தாகன்னு தெரியல. அது திரும்பிப் போறப்ப பூக்கூடைக்குள்ள இருந்து விஷ்ணு சக்கரம் கணக்கா ஒண்ணு பளபளன்னு மின்னுச்சு. நாடகக்காரவுக சாமான்னு நெனச்சேன்."

"நாடகம்!" பிச்சை துள்ளினான். "அக்கா, நாகல்நகர் மைதானத்துல என் பழைய கம்பெனிதான் கொட்டகை போட்டிருக்கு! அவங்க நாடகத்துல பெருமாளுக்குச் சக்கரம் உண்டு. பழைய சக்கரம் உடைஞ்சிருக்கும், இதைத் தூக்கிட்டாங்க. கேசு முடிஞ்சுது!"

"முடிஞ்சிருச்சா? அப்ப வா, போய்ப் பாக்கலாம்."

நாடகக் கொட்டகையில் மகாவிஷ்ணு பாதி நீலத்தோடு உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். மீதி நீலம் இன்னும் கிண்ணத்தில் இருந்தது. அவருக்குப் பின்னால், வெள்ளித்தாள் ஒட்டிய பெரிய சக்கரம் ஒன்று கம்பத்தில் நின்றது.

"பிடிச்சாச்சு!" என்று பிச்சை பாய்ந்து சக்கரத்தைக் கட்டிக்கொண்டான். கம்பம் சாய்ந்தது. கம்பத்தோடு திரை சாய்ந்தது. திரையில் வரைந்திருந்த வைகுண்டம் பிச்சையின் தலைமேல் இறங்கியது.

வைகுண்டத்துக்கு அடியிலிருந்து அவன் தலை வெளியே வந்தபோது எதிரே கம்பெனி மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். "நீயா? மறுபடியுமா?"

இஞ்ஞாசியம்மாள் பதறாமல் குனிந்து, விரலால் கம்பிகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். "நாப்பது. இது சைக்கிளோட பின்சக்கரம், தம்பி. எழுந்திரு."

"நாப்பதுதான். எங்க கம்பெனி சைக்கிள்தான்," என்றார் மேனேஜர் கோபமாக. "அதையும் ரெண்டு நாளா கையாலதான் சுத்திக்கிட்டு இருக்கோம். நேத்து பெருமாள் ஒரு கையில சங்கைப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால சக்கரத்தைச் சுத்திக்கிட்டே வரம் குடுத்தாரு. ஜனங்க சிரிக்குது!"

"அதைச் சுத்துற மோட்டார் என்ன ஆச்சு?" என்றான் பிச்சை.

"லைட்டுக்கார ஆண்டிச்சாமி பிடுங்கிட்டுப் போயிட்டான். உடையப்பன் மொதலாளி வீட்டுப் பந்தல்ல சுத்துற சக்கரம் வைக்கணுமாம்."

இஞ்ஞாசியம்மாள் மெல்ல நிமிர்ந்தார். அவர் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்ததும் பிச்சை வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டான். இப்படிச் சிரித்தால் அவர் பிறகு ஓடுவார். அவருக்குப் பின்னால் அவனும் ஓடவேண்டும்.

ஓடினார்கள்.

உடையப்பன் வீட்டுப் பந்தலில் வாழைமரம் கட்டி, ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் முழங்கியது. மணவறைக்குப் பின்னால், ஆளுயரத்துக்கு மேல், கலர் பல்புகளுக்கு நடுவே ஜிகினாத் தாள் சுற்றிய சக்கரம் ஒன்று ஜொலித்துச் சுழன்றது. அதற்கு நேர் கீழே நின்று உடையப்பன் கத்திக்கொண்டிருந்தார். "என் சக்கரம் எங்க போச்சு? வானத்துக்கா போச்சு?"

சக்கரம் அவர் தலைக்கு மேல் ஒளிவட்டம் போலச் சுற்றிக்கொண்டே இருந்தது.

"பிச்சை, ஃபியூஸைப் பிடுங்கு," என்றார் இஞ்ஞாசியம்மாள்.

பிடுங்கினான். நாதஸ்வரம் நடு ஸ்வரத்தில் செத்தது. பல்புகள் அணைந்தன. ஜனங்கள் 'ஐயோ' என்றார்கள். சக்கரம் மட்டும் சுற்றியது. எல்லோரும் பார்த்தார்கள். அது நிற்பதாகவே இல்லை.

"சைக்கிள் சக்கரமா இருந்தா இந்நேரம் ஓய்ஞ்சிருக்கும்," என்றார் இஞ்ஞாசியம்மாள். "இது கனமானது. கார் கனம். ஏறி எண்ணு, தம்பி."

பிச்சை மணவறைமேல் ஏறி ஜிகினாவைக் கிழித்தான். உள்ளே வெள்ளிக் கம்பிகள். நிறுத்திப் பிடித்துக்கொண்டு எண்ணினான். பந்தலே அவனோடு சேர்ந்து எண்ணியது. "எழுபது... எழுபத்தொண்ணு..." ஜிகினாத் துண்டு ஒன்று அவன் வாய்க்குள் பறந்தது.

"...எழுபத்திரண்டு," என்று எடுத்துக்கொடுத்தார் இஞ்ஞாசியம்மாள்.

உடையப்பன் லைட்டுக்கார ஆண்டிச்சாமியின் சட்டையைப் பிடித்துவிட்டார். "ஏலே! என் கார் சக்கரத்துலயா பல்பு கட்டுற?"

"ஐயோ, எனக்குத் தெரியாதுங்க மொதலாளி! இதைக் கட்டுன்னு கொண்டாந்து குடுத்தது..." ஆண்டிச்சாமி உள்வாசல் கதவைப் பார்த்தான்.

பிச்சை வாயைத் திறந்தான். வசனம் தெரியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக மூடிக்கொண்டான்.

"அவரு சொல்ல வேணாம்," என்றார் இஞ்ஞாசியம்மாள், குரலைத் தாழ்த்தி. "எனக்குத் தெரியும். பழனி ரோட்டுல கருப்புக் களிமண்ணும் நத்தை ஓடும் கிடையாது. அது கண்மாய் வண்டல். சாணார்பட்டிக் கண்மாய். கார் அன்னைக்குப் பழனிக்கே போகலை. சரி, இன்னைக்குக் காலையில திரை போட்ட ஜட்காவுல பூக்கூடையோட இந்த வீட்டுல இருந்து கோயிலுக்குப் போனது யாரு? அண்ணே, உள்ள வாங்க. மத்ததை அங்க பேசுவோம். சொந்தபந்தம் பாக்குது."

அவர் எவ்வளவோ மெதுவாகத்தான் சொன்னார். அதற்குள் உள்வாசல் கதவு திறந்துவிட்டது.

கை நிறைய மருதாணி, தலை நிறையப் பூ, பாதி கட்டிய சரிகைச் சேலை. பொன்னழகு வந்து அப்பாவுக்கு முன்னால் நின்றாள்.

"நாந்தான்ப்பா எடுத்தேன். கருப்பணண்ணனைக் கிட்டங்கியில போட்டு அடைச்சிருக்கீங்கன்னு இப்பத்தான் சொன்னாக. என்னை ரூமுக்குள்ள உக்கார வச்சு ஆளாளுக்குப் பூச்சூட்டிக்கிட்டு இருந்தா எனக்கு எப்படித் தெரியும்?"

"நீயா? உனக்கு எதுக்கு சக்கரம்?"

"மாப்பிள்ளை வாற காரு மாப்பிள்ளை வீட்டுக்கேன்னு நிச்சயத்துல ஒத்துக்கிட்டீங்க. அது தெரியும். அதை வரப்போற மாமனாரு என்ன செய்யப் போறாருன்னு தெரியுமா? வித்துட்டு லாரி வாங்கப் போறாராம்! லாரிப்பா!" அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது. "இன்னைக்கு ஒரு நாள் இது நகராம இருந்தா அந்தப் பேச்சு அத்துப்போகும்னு நெனச்சேன். வேற எங்க ஒளிச்சாலும் தேடுவீக. உங்க தலைக்கு மேல வச்சாத்தான் பாக்க மாட்டீகன்னு..."

"கண்மாயில என்ன நடந்துச்சு?" என்று கேட்டார் இஞ்ஞாசியம்மாள்.

பொன்னழகு தலையைக் குனிந்துகொண்டாள். "ரிவர்ஸ் எடுத்தேன். மதகுக் கல்லு தெரியலை."

உடையப்பன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "காரு ஓட்டுவியா?"

"ஒண்ணரை வருஷமா. கருப்பணண்ணன்தான் கத்துக்குடுத்தாரு."

கிட்டங்கியிலிருந்து அழைத்துவரப்பட்ட கருப்பணன் மூக்கைத் துடைத்தபடி நின்றான். "மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா கல்யாணம் நின்னுரும்னுதான் மொதலாளி வாயைத் தெறக்கலை. போலீசு அடிச்சாலும் தெறந்திருக்க மாட்டேன்," என்றான். உடையப்பன் எழுந்துபோய் அவன் தோளில் கைவைத்தார். ஏதோ சொல்லப் பார்த்தார். வரவில்லை. பிச்சைக்கு அந்த வசனம் நன்றாகத் தெரியும். ஆனாலும் இஞ்ஞாசியம்மாள் அவன் காலை மிதித்துக்கொண்டிருந்ததால் எடுத்துக்கொடுக்கவில்லை.

"என்னை மன்னிச்சிரு, கருப்பணா," என்றார் உடையப்பன் தானாகவே.

மணி ஐந்து. அதற்கப்புறம் நடந்ததெல்லாம் கொட்டகை தீப்பிடித்த மாதிரி வேகம். சூசைமுத்து வந்து டயரை மாட்டினார். காற்றடிக்க சைக்கிள் பம்ப்தான் இருந்தது. பிச்சை இருநூறு அடி அடித்துவிட்டுச் சாய்ந்தான். கருப்பணனைக் கைது செய்ய வந்த இரண்டு போலீஸ்காரர்களும் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு ஆளுக்கு நூறு அடித்தார்கள். இன்ஸ்பெக்டர் எண்ணினார். சக்கரத்தைத் தண்டில் செருகி, இரண்டு காது வைத்த பெரிய நட்டை முடுக்கி, சூசைமுத்து மரச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினார். கருங்கல்லை உருவினார்கள். கார் நாலு காலில் நின்றது.

கருப்பணன் ஏறி உட்கார்ந்து கியரைப் பிடித்தான். "அம்மா!" என்று கையை இழுத்துக்கொண்டான். காலையில் கிட்டங்கிக்குள் தள்ளியபோது கையூன்றி விழுந்திருக்கிறான். மணிக்கட்டு கொழுக்கட்டையாக வீங்கியிருந்தது.

ஐந்தே முக்கால். உடையப்பன் சுற்றிலும் பார்த்தார். புகையிலை வியாபாரிகள், பூசாரி, நாதஸ்வரக்காரர், போலீஸ். ஒருவருக்கும் கார் ஓட்டத் தெரியாது.

"அண்ணே," என்றார் இஞ்ஞாசியம்மாள், "ஓட்டத் தெரிஞ்சவங்க ஒருத்தர் இருக்காங்களே."

உடையப்பன் வானத்தைப் பார்த்தார். பிறகு கதவைத் தானே திறந்துவிட்டு, "மதகுக் கல்லு இருந்தா பாத்துப் போம்மா," என்றார்.

ரயிலடிப் பிள்ளையார் கோயில் முன்னால், சம்பந்தி பெருமாள்சாமி, பழனிப் பக்கத்து மிராசு, கார் வரும் பாதையைப் பார்த்து மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார். கார் வந்தது. சர்ரென்று வந்து, அவர் கால் கட்டைவிரலுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. மணப்பெண் உள்ளேயிருந்து, "ஏறுங்க மாமா, நல்ல நேரம் முடியப்போகுது," என்றாள்.

பெருமாள்சாமி என்ன ஏது என்று யோசிப்பதற்குள், காரில் கூட வந்திருந்த பிச்சை இறங்கி அவரைப் பின்சீட்டில் தள்ளித் தானும் ஏறிக்கொண்டான். மாப்பிள்ளை மாலையோடு முன்சீட்டில் தாவி உட்கார்ந்தார். மேளக்காரர்கள் ஓடிவர முடியாமல் பின்தங்கினார்கள். மணிக்கூண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து போயிற்று. ஒரு புல்லுக்கட்டு வண்டியும் இரண்டு ஆடும் தப்பித்தன. "முருகா! ஏனுங்க, மெதுவாங்க! முருகா!" என்று கத்திக்கொண்டு பெருமாள்சாமி பிச்சையின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். பிச்சை எடுத்துக்கொடுக்க வேண்டிய வசனம் எதுவும் அவரிடம் மிச்சமில்லை.

ஆறு மணிக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது கார் பந்தல் வாசலில் நின்றது. பெருமாள்சாமி கதவைத் தேடித் திறந்து, தரையைத் தொட்டுக் கும்பிட்டு எழுந்தார்.

"ஏனுங்க சம்பந்தி," என்றார் உடையப்பனைப் பார்த்து, தலைப்பாகையைக் கையில் வைத்துக்கொண்டு. "காரு பொண்ணுகிட்டயே இருக்கட்டுங்க. நம்ம பக்கத்துல யாரும் இதை விலைக்குக் கேக்க மாட்டாங்க. லாரியை நான் வேற வழியில வாங்கிக்கறனுங்க."

ஆரத்தித் தட்டோடு பெண்கள் ஓடிவந்தார்கள். உடையப்பன் கதவைத் திறந்து மாப்பிள்ளைக்குக் கை நீட்டினார்.

மாப்பிள்ளை இறங்கவில்லை. கசங்கிய மாலையை ஒதுக்கிவிட்டுக்கொண்டு, கழுத்து வரை சிவந்த முகத்தோடு, ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த மருதாணிக் கையைப் பார்த்துக் கேட்டார்:

"இன்னொரு சுத்து போலாமுங்களா?"